பூனையின் ரத்தம் டிகாஷன் நிறத்துக்கு மாறும்போது

பூனையின் இயல்பான உடல் சூடே சுமார் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். நம் கைக்கு அது காய்ச்சல் போலத்தான் தெரியும். அதிலும் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடக்கிற பூனை என்றால் கேட்கவே வேண்டாம். “உடம்பு கொதிக்குதே” என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். மாத்திரை டப்பாவில் ஒரு பாராசிட்டமால் 650 கிடக்கும், அல்லது குழந்தைக்கு வாங்கிய சொட்டு மருந்து மிச்சம் இருக்கும். கைக்குழந்தைக்கே கொடுக்கிறோமே, பூனைக்குக் கால் மாத்திரை கொடுத்தால் என்ன ஆகிவிடும்? ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும் மெத்திமோகுளோபினீமியா என்ற அவசர நிலை பல வீடுகளில் இப்படி அக்கறையில்தான் தொடங்குகிறது.

என்ன ஆகிவிடும் என்பதற்குக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 650 மில்லிகிராமில் கால் பங்கு சுமார் 160. நாலு கிலோ பூனைக்கு அது கிலோவுக்கு 40 மில்லிகிராம். கிலோவுக்கு 10 மில்லிகிராம் போனதற்கே பூனைகளுக்கு நஞ்சு ஏறிய பதிவுகள் உண்டு. 50, 100 என்று போனால் உயிர் ஊசலாடும். குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். ஒரு கிலோ குட்டிக்கு அந்த ஒரு மில்லி போதும். பூனைக்குப் பாதுகாப்பான பாராசிட்டமால் அளவு என்று ஒன்று கிடையாது. இலங்கை வாசகர்களுக்கு: பனடோல் என்று நீங்கள் சொல்வதும் இதே சரக்குதான்.

கொடுத்த ஒரு மணி நேரத்திலிருந்து நாலு மணி நேரத்துக்குள் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். பூனை சோர்ந்து உட்காரும், எச்சில் ஒழுகும், வாந்தி எடுக்கலாம். மூச்சு வேகமாகும். முகம் வீங்கும், கன்னமும் தாடையும் உப்பி, குளவி கொட்டியது போல இருக்கும். பாதங்களும் வீங்குவது உண்டு. இந்த முக வீக்கம் பூனையிடம்தான் அதிகம் தெரியும் அடையாளம், மருத்துவர் பார்த்ததுமே பாராசிட்டமாலைத்தான் சந்தேகிப்பார். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு சேறு கலந்த மாதிரி பழுப்பாகவோ சாம்பல் நீலமாகவோ இருக்கும். சிறுநீரும் கருத்துப் போகலாம். உடல் சூடு ஏறாது, இறங்கும். காய்ச்சலுக்கு என்று மருந்து கொடுத்தவர் தொட்டுப் பார்த்துவிட்டு “சூடு குறைஞ்சிடுச்சு” என்று நிம்மதி அடைவது இந்த நேரத்தில்தான்.

உள்ளே நடப்பது இதுதான். சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின், நாலு இரும்பு அணுக்களை வைத்து ஆக்சிஜனைச் சுமக்கிறது. அந்த இரும்பு ஒரு எலக்ட்ரானை இழந்துவிட்டால் அதற்குப் பெயர் மெத்திமோகுளோபின். அதன் பிறகு அந்த இரும்பால் ஆக்சிஜனைப் பிடிக்க முடியாது. அதோடு போனால்கூடப் பரவாயில்லை. கெட்டுப்போன ஒன்றின் பக்கத்தில் நல்லபடி இருக்கும் மற்ற இரும்புகள், தாங்கள் பிடித்த ஆக்சிஜனைத் திசுக்களிடம் விடாமல் இறுக்கிக்கொள்கின்றன. நுரையீரல் நன்றாக இருக்கிறது, காற்றும் போய் வருகிறது, இதயமும் ஓடி ஓடி அடிக்கிறது. ஆனால் சுமை ஏற்ற வண்டி இல்லை, ஏற்றிய வண்டியும் இறக்க மறுக்கிறது. ரத்தமோ சாக்லேட் நிறத்துக்கு, நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இரண்டாம் டிகாஷன் நிறத்துக்குப் போய்விடும்.

இந்தக் கெடுதல் எல்லா உயிர்களின் ரத்தத்திலும் அன்றாடம் கொஞ்சம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. சைட்டோகுரோம் பி5 ரிடக்டேஸ் என்ற நொதி உடனுக்குடன் எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்துச் சரிசெய்துவிடும். அதனால் ஆரோக்கியமான ரத்தத்தில் மெத்திமோகுளோபின் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். கெடுகிற வேகம் சரிசெய்கிற வேகத்தைத் தாண்டும்போதுதான் தொல்லை. 20 சதவீதத்தைத் தாண்டினால் பூனை வாட ஆரம்பிக்கும், 50க்கு மேல் நிலைமை மோசம், 70ஐத் தொட்டால் பிழைப்பது அரிது.

சரி, நாம் விழுங்கினால் தலைவலி போகிறது, பூனை விழுங்கினால் ரத்தம் கெடுகிறது. ஏன் இந்த வித்தியாசம்? நம் கல்லீரல் பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு கட்டிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. அந்த வேலையைச் செய்யும் முக்கியமான மரபணு யுஜிடி1ஏ6. பூனையிடம் அது இருக்கிறது, ஆனால் செத்த மரபணுவாக இருக்கிறது. அமெரிக்காவில் மைக்கேல் கோர்ட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் வீட்டுப் பூனை மட்டுமல்ல, சிங்கம், புலி, சிறுத்தை என்று பூனைக் குடும்பத்தில் பார்த்தவற்றில் எல்லாம் இந்த மரபணு பழுதாகிக் கிடந்தது. பழுப்புக் கழுதைப்புலியிலும் வடக்கு யானைச் சீலிலும்கூட அப்படியே. எல்லாம் இறைச்சி உண்ணிகள். செடிகொடிகளில் உள்ள நச்சுப் பொருள்களைச் சமாளிக்க இந்தக் கருவி தேவைப்பட்டது. செடியையே தொடாத வம்சத்தில் அது கவனிப்பாரற்றுத் துருப்பிடித்தது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

பிரதான வழி அடைபட்டதால் மருந்து மாற்று வழிகளில் புகுகிறது. ஒரு பங்கு கல்லீரலைக் கடிக்கும் நச்சாக மாறி, உடலின் பாதுகாப்புப் பொருளான குளூட்டாதயோனைக் காலி செய்கிறது. இன்னொரு பங்கு பாரா அமினோபீனால் ஆகிறது. சிவப்பணுவுக்குள் புகுந்து இரும்பின் எலக்ட்ரானைப் பறிப்பது இதுதான். நம்மிடம் இதைத் திரும்பவும் பாராசிட்டமாலாக மாற்றி அடக்கிவிடும் நொதிகள் இரண்டு உண்டு. பூனையிடம் இருப்பது ஒன்று, அதுவும் இந்த வேலைக்குத் தோதில்லாதது. நாய்க்கு இரண்டுமே இல்லை. ஆனால் நாயின் கல்லீரலில் அந்தப் பிரதான வழி திறந்திருப்பதால் அது இன்னும் கொஞ்சம் தாங்கும்.

போதாததற்கு, பூனையின் ஹீமோகுளோபினில் எளிதில் தாக்கப்படும் கந்தகக் கண்ணிகள் எட்டு; நாய்க்கு நாலு, நமக்கு இரண்டுதான். அவை தாக்கப்படும்போது ஹீமோகுளோபின் திரிந்து, சிவப்பணுவின் ஓரத்தில் சின்ன மருபோல ஒட்டிக்கொள்ளும். ராபர்ட் ஹைன்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் 1890இல் விவரித்ததால் அதற்கு ஹைன்ஸ் துகள் என்று பெயர். பூனையின் மண்ணீரல் இந்த மருவைக் கிள்ளி எடுப்பதில் மந்தம். ஆகவே மெத்திமோகுளோபினைச் சரிசெய்த பிறகும் அடுத்த சில நாள்களில் அணுக்கள் உடைந்து ரத்தசோகை வரக்கூடும். முதலில் நிறம் கெடும், அப்புறம் அணுவே கெடும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு வரலாற்று வேடிக்கையைச் சொல்லாமல் போக மனமில்லை. 1886இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் கான், ஹெப் என்ற இரண்டு மருத்துவர்கள் குடற்புழு நோயாளிக்கு நாப்தலீன் கேட்க, மருந்துக் கடையில் தவறுதலாக அசிட்டனிலைடு வந்தது. புழு போகவில்லை, காய்ச்சல் இறங்கியது. அதுவே பிரபலமான காய்ச்சல் மருந்தாகி, சாப்பிட்டவர்களில் சிலரை நீலம் பாரிக்கச் செய்தது, காரணம் மெத்திமோகுளோபின். 1893இல் யோசப் வான் மேரிங் பாராசிட்டமாலைச் சோதித்துவிட்டு இதிலும் அதே கோளாறு வருகிறது என்று எழுத, அந்த மருந்து அரை நூற்றாண்டு மூலையில் கிடந்தது. 1948இல் நியூயார்க்கில் பெர்னார்ட் புரோடியும் ஜூலியஸ் ஆக்சல்ராடும்தான் மர்மத்தை உடைத்தார்கள். அசிட்டனிலைடு உடலுக்குள் பாராசிட்டமாலாக மாறுகிறது, வலி போவது அதனால்தான், நீலம் பாரிப்பது வேறொரு துணைப் பொருளால் என்று காட்டினார்கள். அதன் பிறகே, 1950களில், பாராசிட்டமால் வீடு வீடாக நுழைந்தது. மனித ரத்தத்தை நிறம் மாற்றாது என்பதற்காகவே தேர்ந்தெடுத்த மருந்து அது. பூனையிடம் அது அப்படியே வான் மேரிங் எழுதியபடி நடந்துகொள்கிறது.

இனி சிகிச்சை. முதல் பங்கு வீட்டில் தொடங்குகிறது, அதில் பாதி எதையும் செய்யாமல் இருப்பதுதான். உப்புத் தண்ணீர், பால், முட்டை, விரலை விட்டு வாந்தி எடுக்கவைப்பது எல்லாம் வேண்டாம். மூச்சு வாங்குகிற பூனையின் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குப் போக வாய்ப்பு அதிகம். நாய்க்குச் சிலர் கொடுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பூனையின் இரைப்பையைப் புண்ணாக்கிவிடும். பூனையைத் துரத்திப் பிடிக்காமல், துணி போட்ட கூடையிலோ அட்டைப் பெட்டியிலோ மெதுவாக வைத்துக் கிளம்ப வேண்டும். மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சளி மாத்திரை, மூட்டுவலி மாத்திரை என்று நினைத்துக் கொடுத்ததிலும் பாராசிட்டமால் கலந்திருக்கலாம், அட்டையைத் திருப்பினால்தான் தெரியும். கிளம்பும் முன் மருத்துவமனைக்கு ஒரு போன்: பூனையின் எடை, என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு. இந்த நாலு விவரமும் இருந்தால் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அங்கே மாற்று மருந்தை எடுத்து வைத்திருப்பார்கள். கொடுத்தது நாம்தான் என்று சொல்லக் கூசி, “எதையோ தின்னுட்டுது டாக்டர்” என்று மழுப்புபவர்கள் உண்டு. மருத்துவர் அலர்ஜி, ஆஸ்துமா, இதய நோய் என்று தேடித் தேடி அலைவதில் போகிற அரை மணி நேரம் திரும்பக் கிடைக்காது.

மருத்துவமனையில் முதல் வேலை ஆக்சிஜன். முகத்தில் மூடி வைத்தால் முரண்டு பிடிக்கும் பூனைக்கு ஆக்சிஜன் கூண்டே நல்லது. சில நிமிடம் அதில் விட்டுவிட்டுத்தான் அனுபவசாலிகள் ஊசியை எடுப்பார்கள். ஏற்கெனவே ஆக்சிஜன் தட்டுப்பாட்டில் இருக்கும் உடல், மேசை மேல் அமுக்கிப் பிடிக்கும் அந்த ஒரு நிமிடப் போராட்டத்திலேயே நின்றுபோகலாம். வெளியே நிற்கும் உரிமையாளருக்கு “ஒன்றும் செய்யாமல் கூண்டில் போட்டு வைத்திருக்கிறார்களே” என்று தோன்றும். அது சும்மா இருப்பதல்ல. ஆனால் ஆக்சிஜன் மட்டும் இந்த நோயைத் தீர்க்காது என்பதும் உண்மை. மிச்சமிருக்கும் நல்ல ஹீமோகுளோபினை முழுதாக நிரப்பி அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டரை நம்ப முடியாத இடமும் இது. கொரோனா காலத்துக்குப் பிறகு அந்தக் கருவி எல்லோருக்கும் பழக்கம். இரண்டு அலைநீள ஒளியைப் பாய்ச்சி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்ற விகிதத்தை வைத்து அது எண்ணைச் சொல்கிறது. மெத்திமோகுளோபின் இரண்டு ஒளியையும் ஏறக்குறையச் சமமாக உறிஞ்சும். அதனால் ரத்தத்தில் அது மிகுந்துவிட்டால் நிலைமை எவ்வளவு மோசமானாலும் கருவி 85ஐ ஒட்டியே நிற்கும். ஆக்சிஜனைக் கூட்டினாலும் எண் ஏறாது. கோ ஆக்ஸிமீட்டர் என்ற கருவி இருந்தால் சரியான சதவீதம் தெரியும், ஆனால் அது எல்லா இடத்திலும் இருப்பதில்லை.

இல்லாவிட்டாலும் ஒரு வெள்ளைத் தாள் போதும். பூனையின் ரத்தத்தில் ஒரு சொட்டைத் தாளில் வைத்து, பக்கத்திலேயே நல்ல பூனையின் ரத்தத்தில் ஒரு சொட்டு வைப்பார்கள். சிரையிலிருந்து எடுத்த ரத்தம் இரண்டுமே முதலில் கருஞ்சிவப்பாகத் தெரியலாம். கொஞ்ச நேரம் காற்றுப் பட்டதும் நல்ல சொட்டு பளிச்சென்று சிவக்கும். மற்றது காபிக் கறை போல அப்படியே இருக்கும், தாளை எவ்வளவு ஆட்டினாலும் சிவக்காது. பல நாட்டுக் கால்நடை மருத்துவமனைகளில் இன்றும் இந்தச் சோதனைதான் நோயை முதலில் காட்டிக்கொடுக்கிறது.

மாற்று மருந்தின் பெயர் என்-அசிட்டைல் சிஸ்டீன். 1970களில் எடின்பரோவில் லாரி பிரஸ்காட் குழுவினர், பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கிய மனிதர்களுக்கு இதைச் சிரை வழியாகக் கொடுத்துக் கல்லீரலைக் காப்பாற்றிக் காட்டினார்கள். பூனைக்கும் அதே மருந்துதான். தீர்ந்துபோன குளூட்டாதயோனை மறுபடி தயாரிக்க மூலப்பொருள் தருகிறது, நச்சுப் பொருளோடு நேரடியாகவும் சேர்கிறது. முதல் தவணை கிலோவுக்கு 140 மில்லிகிராம். மோசமான நிலையில் இரட்டிப்பாக்குவதும் உண்டு. அப்புறம் 70 வீதம், 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, குறைந்தது 7 தவணை. நாலு கிலோ பூனைக்கு முதல் தவணை 560 மில்லிகிராம். 20 சதவீதக் கரைசலில் அது 2.8 மில்லி, அதை நாலு மடங்காக நீர்த்து 5 சதவீதமாக்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை மெதுவாக ஏற்றுவார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் ரத்த அழுத்தம் விழும். வாய் வழியாகவும் கொடுக்கலாம், ஆனால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். எந்தப் பூனையும் அதைச் சும்மா குடிக்காது. சளி இளக்கும் மருந்தாக இது மனிதர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயன்படுவதால் சாதாரண மெடிக்கல் கடையிலேயே கிடைக்கக்கூடும். கால்நடை மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்து “மெடிக்கலுக்கு ஓடுங்க” என்றால் திகைக்க வேண்டாம்.

மருந்து விழுங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அறிகுறி எதுவும் இல்லை என்றால் மருத்துவமனையில் ஊசி போட்டு வாந்தி எடுக்கவைப்பது உண்டு. கரித்தூள் கலவையும் கொடுப்பார்கள், ஆனால் அது வயிற்றுக்குள் போகும் அசிட்டைல் சிஸ்டீனையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் இரண்டுக்கும் இடைவெளி வேண்டும். மூச்சு வாங்க ஆரம்பித்த பூனைக்கு வாந்தி எடுக்கவைப்பதும் கூடாது, கரித்தூளும் கூடாது. வைட்டமின் சி எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்கும் என்று கிலோவுக்கு 30 மில்லிகிராம் சேர்ப்பார்கள். வேலை செய்கிறது, ஆனால் ரொம்ப மெதுவாக. அதை மட்டும் நம்பிக் காத்திருக்கும் நேரம் இந்தப் பூனையிடம் இல்லை.

சர்ச்சைக்குரிய மருந்து மெத்திலீன் நீலம். 1876இல் ஹைன்ரிக் காரோ துணிச் சாயமாகத் தயாரித்த அதே நீலம். சிவப்பணுவுக்குள் சும்மா கிடக்கும் இன்னொரு நொதியை எழுப்பிவிட்டு, மெத்திமோகுளோபினைப் பழையபடி மாற்றுகிறது. மனிதர்களில் இது நிமிடக் கணக்கில் வேலை செய்யும். அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியில் தலைமுறைகளாகத் தோல் நீலமாகவே இருந்த ஃபியூகேட் குடும்பத்தாரில் சிலருக்கு 1960களில் மேடிசன் கவைன் என்ற மருத்துவர் இந்த ஊசி போட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறியது. பூனைக்கு இதைக் கொடுக்கத் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. மெத்திலீன் நீலம் கலந்த சிறுநீர்த் தொற்று மருந்துகளைத் தொடர்ந்து கொடுத்த பூனைகளுக்கு ஹைன்ஸ் துகள் பெருகி ரத்தசோகை வந்தது. அதனால் பழைய பாடநூல்கள் “பூனைக்குக் கூடாது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டன. இன்றைய நிலைப்பாடு அவ்வளவு கறார் இல்லை. ஈறு பழுப்பாகி, பூனை நினைவிழக்கப் போகும் கட்டத்தில் கிலோவுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம் ஒரே தவணை, மெதுவாகச் சிரையில் கொடுக்கலாம் என்கிறார்கள். நாளை வரக்கூடிய ரத்தசோகைக்குப் பயந்து இன்றைக்கு உயிரை விடவைப்பதில் அர்த்தமில்லை என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் இரண்டாவது தவணைக்குக் கை நீளக்கூடாது.

எதற்கும் அடங்காவிட்டால் ரத்தம் ஏற்றுவது. இங்கேயும் பூனை தனி ஜாதி. நாய்க்கு முதல் முறை ஏற்றும்போது வகை பொருந்தாவிட்டாலும் பெரும்பாலும் தப்பிவிடும். பூனையில் ஏ, பி, ஏபி என்று வகைகள் உண்டு. பி வகைப் பூனைக்கு இயல்பாகவே ஏ வகைக்கு எதிரான காரமான எதிர்ப்பொருள் இருக்கும். தவறான ரத்தம் சில மில்லி போனாலே உயிர் போகலாம். அவசரம்தான், ஆனாலும் வகை பார்க்காமல் ஏற்றுவதில்லை. கொடையாளி பெரும்பாலும் இன்னொரு வீட்டுப் பூனைதான். நல்ல திடமான பூனையிடமிருந்து எடுப்பது சுமார் 50 மில்லி. நாலு கிலோ பூனையின் மொத்த ரத்தமே சுமார் கால் லிட்டர்தான் என்பதால் அந்த 50 மில்லி சின்ன விஷயமில்லை.

எல்லா மெத்திமோகுளோபினும் பாராசிட்டமாலால் வருவதில்லை. வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்புச் சோறு, உருட்டி விளையாடிய அந்துருண்டை ஆகியவையும் சிவப்பணுவைக் கெடுக்கும், ஆனால் அவற்றின் முக்கியச் சேதம் ஹைன்ஸ் துகள் வழியாகத்தான். தொண்டையை மரக்கவைக்கும் பென்சோகெய்ன் ஸ்பிரே பூனைக்கு நேரடியாகவே மெத்திமோகுளோபினை உண்டாக்கும். அதனால் மயக்கம் கொடுத்துக் குழாய் இறக்கும்போது லிடோகெய்னைத்தான் மருத்துவர்கள் கையில் எடுப்பார்கள். பிறவியிலேயே அந்தச் சரிசெய்யும் நொதி குறைவாக உள்ள பூனைகளும் உண்டு. கருத்தடைக்குப் போன இடத்தில் ஈறு நீலமாக இருப்பதைப் பார்த்து எல்லோரும் பதறுவார்கள். அது பாட்டுக்கு நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, கொஞ்சம் சோம்பேறி என்று மட்டும் பெயர் வாங்கிக்கொண்டு வாழ்ந்திருக்கும்.

பிழைக்கும் பூனையிடம் முதலில் திரும்புவது ஈறின் நிறம், பல நேரம் ஒரு நாளுக்குள். முக வீக்கம் வடிய இன்னும் சில நாள் பிடிக்கும். மெத்திலீன் நீலம் போட்டிருந்தால் மணல் தட்டில் பச்சை நீலமாகச் சிறுநீர் கிடக்கும், பயப்பட வேண்டாம். கல்லீரல் சோதனை இரண்டு நாள் கழித்து ஒரு முறை பார்ப்பார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு காலையும் மாலையும் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். மூன்றாம் நாள் வாக்கில் அந்தப் பழுப்பு போய், ஈறு காகிதம் போல வெளுத்திருந்தால் அணுக்கள் உடைய ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம்; அப்போது கூடையை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.